டேங்க் பக்கத்தில் ஒரு டெக்கு

எனக்கு டெக்கு ஆசை வந்தது பால்வாடியில், பிள்ளைகள் தூங்கும் நேரத்தில்.

நான் அங்கே டீச்சர். மதியம் சோறும் முட்டையும் போட்டு, வாய் துடைத்து, பாய் விரித்து, இருபது பிள்ளைகளையும் அதட்டிப் படுக்க வைத்தால் அரை மணி நேரம் எனக்கென்று கிடைக்கும். மின்விசிறி சுற்றும். யாராவது ஒரு பிள்ளை தூக்கத்தில் சப்புக்கொட்டும். வெளியே கண்டெய்னர் லாரி போகும்போது ஜன்னல் கம்பி லேசாக அதிரும். அப்படி ஒரு மதியம் போனில் ஒரு வீடியோ வந்தது. எந்த நாடோ தெரியாது. ஒரு வீட்டுக்குப் பின்னால் மரப்பலகை பரப்பியிருந்தார்கள். அதன் மேல் இரண்டு நாற்காலி. ஒன்றின் கைமேல் ஒரு டீ கோப்பை. ஆள் யாரும் இல்லை. காற்று மட்டும் அடித்தது. ஒரு நிமிடம் முழுக்க வேறு எதுவுமே நடக்கவில்லை. கீழே 'டெக்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

எதுவுமே நடக்காத அந்த ஒரு நிமிடத்தை எத்தனை தடவை பார்த்தேனோ. பிள்ளைகள் எழுந்து ஒன்றுக்கு வருகிறது என்று கத்தும் வரை நான் அந்தப் பலகை மேல்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது நாற்காலி யாருக்கு என்று யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் லாஞ்சு டிரைவர். காசிமேட்டிலிருந்து மீன் பிடிக்கப் போகும் பெரிய விசைப்படகை எங்கள் பக்கம் லாஞ்சு என்போம். முப்பது வருடம் ஓட்டினார். பத்து நாள் கடலில், இரண்டு நாள் வீட்டில். அந்த இரண்டு நாளிலும் பாதி தூக்கத்தில் போய்விடும். மனிதரைக் கட்டிக்கொண்டேனா, அவர் லுங்கியைக் கட்டிக்கொண்டேனா என்று சண்டை போடத் தோன்றும். அதையும் அவர் இருக்கும்போதுதானே போட முடியும்? பல சண்டைகளை அவர் வரும்வரை மடித்து வைத்திருப்பேன். வந்து படுத்துத் தூங்குகிற முகத்தைப் பார்த்தால் எந்த மடிப்பில் எந்தச் சண்டை என்று மறந்துபோகும்.

போன வருடம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய்க்குள் ஏதோ வைத்து அனுப்பினார்கள். மெதுவாக நடக்கலாம், மெதுவாகப் படியேறலாம், கடலுக்கு மட்டும் இனி கூடாது என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து அவர் முழு ஆளாக வீட்டில் இருக்கிறார். ஆனால் இல்லை. கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார். சாப்பிடுகிறாயா என்றால் ம். மாத்திரை போட்டாயா என்றால் ம். எட்டு மாதமாக எங்கள் வீட்டில் ம் மட்டும்தான் புழங்கியது. எனக்குப் பயமாக இருந்தது, வெளிப்படையாகவே சொல்கிறேன். கடலில் போகாத உயிர் என் வீட்டுச் சுவரைப் பார்த்தபடியே போய்விடுமோ என்று பயந்தேன்.

வீடு காலடிப்பேட்டையில் ஒரு சந்தில் இருக்கிறது. கீழே ஒன்றரை அறை, மேலே மொட்டை மாடி. மாடியில் ஒரு கறுப்புத் தண்ணீர் டேங்க், துணி காயப்போட இரண்டு கம்பி, தூக்கிப்போட மனசு வராத உடைசல்கள் கொஞ்சம். கிழக்கே இரண்டு உயரமான கட்டடங்கள் எழும்பிவிட்டன. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. டேங்கை ஒட்டி நின்றால் அதில் ஒரு முழம் கடல் தெரியும். எண்ணூர் துறைமுகத்துக்குள் போக முறை வரும்வரை காத்திருக்கும் கப்பல்கள் சில நாள் அந்த ஒரு முழத்துக்குள் வந்து நிற்கும். வெயில் மங்கும் நேரத்தில் கடலுக்கும் வானத்துக்கும் நடுவிலுள்ள கோடு அழிந்துபோய், கப்பல் யார் வீட்டு மாடியிலோ நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று அடித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்க வேண்டும். கடல் காற்று அடித்தால் பொத்தாமல் பார்க்கலாம்.

லாஞ்சு திரும்பும் நாட்களில் துணி காயப்போடும் சாக்கில் மேலே போய் அந்த டேங்க் பக்கத்தில் நிற்பேன். தூரத்தில் எல்லா லாஞ்சும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எது அவருடையது என்று எனக்குத் தெரியாது. வருகிற எல்லாவற்றையும் அவருடையது என்றே நினைத்துப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து உலை வைப்பேன்.

வீடியோ பார்த்த அன்று சாயங்காலமே அவரிடம் சொல்லிவிட்டேன்.

"மாடில ஒரு டெக்கு போடலாம்னு கீறேன். ரெண்டு சேரு போட்டு குந்திகினு கடல பாக்கலாம்."

அவர் சுவரிலிருந்து திரும்பவில்லை. "கடல பாத்தது போதும். நீ வேணா பாரு."

அந்த மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. வழக்கம்போலக் கோபம்தான் முந்திக்கொண்டது. 'நீ வேணா பாரு' என்பதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு ஆள் தேட ஆரம்பித்தேன்.

முதலில் வந்தவர் மாத்தூர் மேஸ்திரி. பால்வாடிக்கு வெள்ளையடித்தவர், அந்தப் பழக்கத்தில் கூப்பிட்டேன். டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே படியேறினார்.

"இன்னா வேலம்மா?"

"டெக்கு போடணும்."

டேப் சர்ரென்று உள்ளே ஓடியது. "டெக்கா? எந்தக் காலத்துல கீறீங்கம்மா? டெக்கு வாடகைக்கு எட்த்தாந்து, தெருவே குந்திகினு படம் பாக்கறதெல்லாம் எப்பவோ பூட்ச்சே. இப்பதான் அல்லாரும் போன்லயே பாத்துக்கறாங்களே."

வீடியோ கேசட் போடுகிற டெக்கைச் சொல்கிறார். நானும் அந்த டெக்கில் படம் பார்த்து வளர்ந்தவள்தான் என்பதால் சிரித்துவிட்டேன். போனை எடுத்துக் காட்டினேன். கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஓ, இத்தா? இத்து சிட்-அவுட்டும்மா. மரம்லாம் வோணாம், நம்ம உப்புக் காத்துக்கு சொத்தையா பூடும். மரம் மாரியே டைல்ஸ் கீது, யாராலயும் கண்டுபுடிக்க முடியாது. மேல ஷீட்டு. கெயக்கால ஒரு செவுரு தூக்கிடலாம்."

"கெயக்கால செவுரா? இன்னாத்துக்கு?"

"உப்புக் காத்து அங்கேந்துதானேம்மா வர்து? அத்த மூடிட்டா பேஜாரே இல்ல. ஜம்முனு குந்திகினு இருக்கலாம்."

"ஜம்முனு குந்திகினு இன்னாத்த பாக்கறது?"

அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "செவுத்துல ஒரு டிவி மாட்டிக்கலாமே."

சுற்றிச் சுற்றிப் பழைய டெக்குக்கே வந்து நின்றார் மனிதர். கீழே ஒருத்தர் ஏற்கெனவே சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், மேலேயும் ஒரு சுவரா என்று எனக்குத் தலைக்கு ஏறியது. இருந்தாலும் பால்வாடி சுவரை நன்றாகத்தான் அடித்திருந்தார். டீ கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அதன் பிறகு கொஞ்ச நாள் டெக்கு என் தலைக்குள் மட்டும் இருந்தது. பிள்ளைகள் தூங்கும் அரை மணி நேரத்தில் தினமும் அதைக் கட்டுவேன். ஒவ்வொரு பலகையாக எடுத்து வைப்பேன். என் டெக்கில் டேங்க் சொட்டாது. மணலிக் காற்று வராது. கட்டடங்கள் கொஞ்சம் நகர்ந்து நின்று ஒரு முழத்தை நாலு முழமாக ஆக்கிக் கொடுக்கும். கப்பல்கள் எங்கள் கால் பக்கமாகவே போகும். ஒரு நாற்காலியில் நான். மற்றதில் அவர். அவர் முகம் மட்டும் சரியாக வராது. கண்ணை மூடித் தூங்குகிற முகமும், சுவர்ப் பக்கம் திரும்பிய பின்னந்தலையும்தான் வரும். மாதத்துக்கு நாலைந்து நாள் பார்த்த முகத்தை வைத்துக்கொண்டு எவ்வளவுதான் கனவு காண முடியும்?

மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போன ஒரு நாள் ஆசாரியைப் பார்த்தேன். லாஞ்சுகளுக்கு மர வேலை செய்பவர். என் வீட்டுக்காரர் ஓட்டிய லாஞ்சுக்கும் பல வருடம் இவர்தான் பலகை மாற்றியவர். மீன்பிடித் தடைக்காலம் முழுக்க இவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அது முடிந்து லாஞ்சுகள் கடலுக்குப் போய்விட்டால் கை சும்மா இருக்கும். கரையில் பிரித்துப் போட்ட ஒரு பழைய லாஞ்சின் நிழலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் எப்டி கீறாரு அண்ணி?"

"கீறாரு," என்றேன்.  பிறகு, வாய் சும்மா இருக்காமல், "மாடில ஒரு டெக்கு போடணும்னு பாக்கறேன். யாரும் ஒயுங்கா ஆப்டல," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. டெக்கா என்று இழுக்கவில்லை. "எவ்ளோ நீளம்?" என்றார்.

"பதினாறு அடி. அகலம் பத்து."

"சின்ன டெக்குதான். போட்டுரலாண்ணி. இதோ, இந்தப் பலகையே போதும்." பக்கத்திலிருந்த பழைய லாஞ்சைத் தட்டிக் காட்டினார்.

அந்த வார்த்தையை ஒரே தடவையில் புரிந்துகொண்ட ஒரு ஆள்! நான் ஆசையாகப் போனை எடுத்தேன். "படம் காட்றேன் பாரு."

"டெக்கு போட எனுக்கு படம் காட்றீங்களா?" என்று கையை ஆட்டிவிட்டார். "முன்பக்கம் எத்துண்ணி?"

"கெயக்கு."

"அதான் கரீட்டு."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கிழக்கை மூடச் சொல்லாத ஒரே ஆள். திரும்பி நடக்கும்போது கரையோரம் கட்டியிருந்த லாஞ்சுகள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. கையை நீட்டினால் தொடலாம். தொட்டதில்லை. லாஞ்சில் பெண்கள் ஏறுவதில்லை. யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. மீனை ஏலம் எடுக்கலாம், ஐஸ் உடைக்கலாம், கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம், ஏறக் கூடாது. என் வீட்டுக்காரர் முப்பது வருடம் நின்ற இடத்தை நான் கரையிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அன்றைக்கு அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. கையில் இருந்த மீன் கெட்டுப்போகுமே என்று வேகமாக நடந்தேன்.

வேலை தொடங்கியது. நான் பால்வாடிக்குப் போன பிறகு ஆசாரி வருவார், நான் வீடு திரும்புவதற்குள் போய்விடுவார். போகும்போது செய்த வேலையின் மேல் ஒரு பெரிய தார்ப்பாயைப் போட்டு நான்கு பக்கமும் கல் வைத்துவிடுவார். முடியாத வேலையைப் பார்க்கக் கூடாதாம், கண் பட்டுவிடுமாம். எனக்கு அதுவும் பிடித்திருந்தது. சாயங்காலம் போய்த் தார்ப்பாயின் பக்கத்தில் நிற்பேன். உள்ளே காற்று புகுந்து அது மூச்சுவிடுவதுபோல எழுந்து எழுந்து தணியும். தூக்கிப் பார்க்க மாட்டேன். கீழே அவர் தலைக்கு மேலேயே அறுப்பதும் ஆணி அடிப்பதும் நாள் முழுக்க நடந்திருக்கும். சத்தம் தொந்தரவா என்று கேட்டால் ம் என்பார். ஆமாம் என்கிற ம்மா, இல்லை என்கிற ம்மா என்று பிரித்துப் பார்க்கவும் அலுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வாங்கி வைத்திருந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு மேலே போனேன். தார்ப்பாய் எடுத்தாகிவிட்டது. ஆசாரி கடைசிப் பலகை பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

நடுவில் மேடு. அங்கிருந்து இரண்டு பக்கமும் சரிவு. சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு ஓரப் பலகை, அதன் அடியில் தண்ணீர் போக ஓட்டைகள். இரண்டு பக்கமும் கயிறு கட்ட இரும்புக் கொக்கிகள். போதாததற்கு, கிழக்கே போகப்போகக் குறுகி, டேங்க் பக்கம் ஒரு மூக்காக முடிந்திருந்தது. என் மாடியில் ஒரு லாஞ்சின் மேல்தளம் கிடந்தது.

"இன்னாயா இது?"

"டெக்கு."

"நடுவுல வீங்கிகினு கீதே!"

"டெக்குன்னா அப்டிதாண்ணி. தண்ணி அடிச்சா நடுவுல நிக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் வடிஞ்சிரணும்."

"என் மாடில எந்த அல வந்து அடிக்கப் போவுது?"

"மழ வராதா?"

"மூக்கு மாரி ஏன் குறுகிகினே போவுது?"

"நீங்கதானே கெயக்கு முன்பக்கம்னு சொன்னீங்க?"

ஓரத்திலிருந்தே எட்டி ஒரு நாற்காலியை நடுவில் வைத்தேன். அது ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. சரிவில் வைத்தேன். மெதுவாக நகர்ந்துபோய் ஓரப் பலகையில் முட்டிக்கொண்டது. "இதுல எப்டி சேரு போடறது?"

ஆசாரிக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "டெக்குல எவண்ணி சேரு போட்டு குந்துவான்?"

போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். முதல் முறையாக அந்தப் படத்தைப் பார்த்தார். பொறுமையாகப் பார்த்தார். "இத்து டெக்கு இல்லண்ணி," என்றார். "இத்து பெரிய சைஸ் பெஞ்சி."

எத்தனை மதியங்கள், எத்தனை பலகைகள் எடுத்து வைத்தேன் மனசுக்குள். அத்தனையும் போச்சு. நான் நேராக அந்த டெக்கின் மேல் ஏறி நின்று கத்தினேன். "பிரிச்சுடு! அத்தினியும் பிரிச்சுடு!"

அவர் முகம் மாறியது. நான் பிரிக்கச் சொன்னதற்காக இல்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணி, மொதல்ல கீய எறங்கிடுங்க. அங்க நிக்காதீங்க."

பலகை ஆடுகிறதோ என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. அந்த எழுதாத சட்டம் பலகையோடு ஒட்டிக்கொண்டு என் மாடி வரைக்கும் வந்திருக்கிறது. வந்ததே எனக்குக் கோபம். "இது என் வூடு! என் மாடி! இங்க நிக்காதன்னு சொல்ல நீ யாருய்யா?"

 ஆசாரி கோபம் வந்தால் வேலை செய்கிற ஆள் போலிருக்கிறது. திரும்பி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் தண்ணீர் இறங்காமல் இருக்கப் பஞ்சைத் திரித்துத் திணித்து, உளி மாதிரி ஒன்றை வைத்துக் கட்டையால் அடிப்பார்கள். டொக், டொக், டொக். அத்தனை நாளும் நான் கேட்காத சத்தம்.

கீழே கட்டில் கிறீச்சிட்டது.

பிறகு செருப்புச் சத்தம். ஒரு படி. நின்றது. இன்னொரு படி. நான் வாயை மூடிக்கொண்டேன். ஆசாரி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் மேலே வந்தார், சுவரைப் பிடித்தபடி, மூச்சு வாங்கியபடி. என்னைப் பார்க்கவில்லை. கிழக்கேயும் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார்.

"டேய். காலி சத்தம் வர்தே, கேக்கல உனுக்கு?"

"இல்லியேணா, கரீட்டாதான் கீது."

"இன்னா கரீட்டு? பஞ்சு உள்ள எறங்கவேல்ல. மேலாப்புல குந்திகினு கீது. ஒரு மழ வந்தா கீய என் தலைல ஒயுகும்."

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பலகையில் கால் வைத்தார். இரண்டு காலையும் அகற்றி, மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பாதம், அந்தப் பக்கம் ஒரு பாதம் என்று வைத்து நின்றார். கை எதையும் பிடிக்கவில்லை. குளியலறைக்குப் போகக்கூடச் சுவரைத் தடவிக்கொண்டு போகிற மனிதர். அவர் படுத்துப் பார்த்திருக்கிறேன், உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், தெருவில் நடந்து பார்த்திருக்கிறேன். இப்படி நின்று பார்த்ததே இல்லை. இவர் இவ்வளவு உயரமா என்றிருந்தது.

ஆசாரி என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னார். "அண்ணி பிரிக்கச் சொல்ட்டாங்கணா. அவங்க வேற எத்தையோ டெக்குன்னு நென்ச்சிகினு கீறாங்க. நான் வேற எறங்கச் சொல்லிட்டேன், அந்தக் கோவம்."

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். செருப்போடு நின்றுகொண்டிருந்தேன்.  இறங்கு என்று அவரும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த டெக்கை நானே உடைத்திருப்பேன். அதோடு வேறு சிலதும் உடைந்திருக்கும், திரும்ப ஒட்டாமல்.

"அவ நிக்கட்டும்டா," என்றார். "அவ கேட்ட டெக்கு."

பிறகு என்னிடம், "செருப்ப மட்டும் கய்ட்டிடும்மே."

கழற்றினேன். வெயிலில் பலகை இளஞ்சூடாக இருந்தது. சூடு ஏற ஏற அதிலிருந்து ஒரு வாசனை கிளம்பியது. டீசலும் மீனும் உப்பும். முப்பது வருடம் அவர் லுங்கியிலிருந்து நான் துவைத்துத் துவைத்துப் போக்கிய வாசனை. கண் கலங்கிவிட்டது எனக்கு. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன், யாரும் கேட்காமலே.

"அப்போ இன்னாண்ணி, பிரிக்கறதா?" என்றார் ஆசாரி.

நாற்காலிகளைப் பார்த்தேன். ஒன்று ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது, மற்றது படியருகே கவிழ்ந்து கிடந்தது. "மொதல்ல பஞ்ச ஒயுங்கா அடி," என்றேன்.

அந்தப் பலகையின் பஞ்சு முழுவதையும் பிடுங்கித் திரும்ப அடித்தார்கள். என் வீட்டுக்காரர் திரித்துக் கொடுத்தார், ஆசாரி அடித்தார், நடுநடுவே இருவரும் திட்டிக்கொண்டார்கள். வெயில் ஏறியதும், எனக்கு எதற்கு இது என்று நான் திட்டிய அதே கொக்கிகளில் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். இழுப்பதை ஆசாரி செய்ய, முடிச்சை அவர் போட்டார். அந்த முடிச்சை நான் என்ன முயன்றாலும் அவிழ்க்க முடியாது என்று பார்த்ததுமே தெரிந்தது. சோற்றையும் குழம்பையும் மேலேயே கொண்டுவந்தேன். ஆசாரி சாப்பிட்டு முடித்து, மூக்குப் பலகையில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்தார். தேங்காய்த் தண்ணீர் சரிவில் ஓடி ஓட்டை வழியாக வெளியே போனது. "பாத்தீங்களாண்ணி, நின்னுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். நாற்காலி கொண்டுவரட்டுமா என்று கேட்க வாய் எடுத்தேன், கேட்கவில்லை. அவர் டேங்க் பக்கம் ஓரப் பலகையில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் பலகையைத் தட்டினார். உட்கார்ந்தேன். சரிவு தானாகவே முதுகை ஓரப் பலகையில் கொண்டுபோய்ச் சாய்த்தது. தார்ப்பாய் தலைக்கு மேல் உப்பி உப்பித் தணிந்தது. அதன் நிழலும் பலகை மேல் முன்னும் பின்னும் நகர, கொஞ்ச நேரத்தில் நகர்வது நிழலா நாங்களா என்று குழம்பிவிட்டது. எதிர்ச் சந்திலிருந்து துணி துவைக்கும் சத்தம் வந்தது. அதுவும் எங்கோ தண்ணீருக்கு அப்பால் இருந்து வருவதுபோல இருந்தது. ஒரு நிமிடம் எதுவுமே நடக்கவில்லை. வீடியோவில் பார்த்த அதே நிமிடம்தான்.

அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரோ கூப்பிட்டதுபோலத் தலையைத் தூக்கிக் கிழக்கே திரும்பினார். கட்டடங்களுக்கு நடுவில் வெள்ளை வெளிச்சம். வானம் எது, கடல் எது என்று தெரியவில்லை. அதில் ஒரு லாஞ்சு, தெற்கே காசிமேட்டுப் பக்கமாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

"அத்து நம்ம லாஞ்சு," என்றார்.

"எப்டி தெரியும்?"

"மூக்க கொஞ்சம் எடது பக்கம் இய்க்கும். எவ்ளோ திருப்பினாலும் இய்க்கும். இப்ப ஓட்றவனும் மல்லுக்கட்டிகினுதான் போறான்."

எனக்கு எந்த இழுப்பும் தெரியவில்லை. அவர் நின்ற இடத்தில் வேறு ஒருவர் நிற்கிறார் என்பது மட்டும் உறைத்தது. இதைப் பார்க்கக் கூடாது என்றுதான் எட்டு மாதம் சுவரைப் பார்த்துக் கிடந்தாரா? நான் போய் இழுத்துக்கொண்டுவந்து காட்டிவிட்டேனே. லாஞ்சு அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் போய் மறைந்தது. இப்போது எழுந்து கீழே போய்விடுவார் என்று கையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் எழவில்லை. காலியான அந்த ஒரு முழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த எடத்துக்கு வரும்போது நான் இந்தப் பக்கம் பாப்பேன்."

"எப்ப?"

"ஒவ்வொரு வாட்டியும். வூடு தெரியாது. இந்த டேங்கு மட்டும் கறுப்பா தெரியும். அத்து பக்கத்துல சில நாளு ஏதோ ஒண்ணு நிக்கும். துணியா நீயான்னு தெரியாது. நீதான்னு நென்ச்சிகினு ஹார்பர் உள்ள போவேன்."

 எல்லாவற்றுக்கும் எனக்கு ஒரு கோபம் தயாராக இருக்கும். இதற்கு இல்லை. 

"இத்த ஏன்யா இத்தினி வர்சமா சொல்லல?"

"நீ அத்து துணிதான்னு சொல்லிட்டா?"

நான் அவர் கையைப் பிடித்தேன். பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான்யா," என்றேன். "சில நாளு துணி. மத்த நாளு அல்லாம் நான்தான்."